ஏ.சி.யும் வேண்டும், மைலேஜும் வேண்டும்

நமது அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பெட்ரோல் தயாரிக்கும் ஆலை இல்லை. நாம் வண்டிக்குப் போடும் ஒவ்வொரு சொட்டும் கப்பலில்தான் வருகிறது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் எவ்வளவு தூரம்? கடல் வழியே ஏறத்தாழ 1,190 கி.மீ. பயணிகள் கப்பலில் வந்தால் மூன்று நாள் ஆகிறது. (2024-ல் இந்த நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். நாம் பழகிய பெயரிலேயே இங்கு எழுதுவோம்.)

இங்கே பெட்ரோலுக்கு வரி குறைவு. அதனால் 2024-ல் நாட்டிலேயே பெட்ரோல் விலை மிகக் குறைவாக இருந்த இடங்களில் போர்ட் பிளேரும் ஒன்று. விலை குறைவு என்பதால் வீணாக்கலாமா? கூடாது. வாடகை வண்டி ஓட்டுபவருக்குப் பெட்ரோல்தான் அன்றாடச் செலவில் பெரிய செலவு. அதில் மிச்சமாவதுதான் வீட்டுக்கு வரும்.

இப்போது ஹைபிரிட் கார் என்று ஒன்று வந்திருக்கிறது. "நிறைய மைலேஜ் கொடுக்கும்" என்கிறார்கள். விலையும் அதிகம். கடன் வாங்கி அதை எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. எடுத்த பிறகு, "சொன்ன மைலேஜ் வரவில்லையே" என்று வருந்துபவர்களும் உண்டு.

ஏன் வரவில்லை? நம் ஊர் வெப்பத்தில் என்ன செய்தால் வரும்? பார்ப்போம்.

ஹைபிரிட் கார் என்றால் என்ன?

சாதாரண காரில் ஒரு எஞ்சின் இருக்கும். ஹைபிரிட் காரில் எஞ்சினும் இருக்கும். மின் மோட்டாரும் இருக்கும். மோட்டாருக்கு மின்சாரம் தர ஒரு பெரிய பேட்டரியும் இருக்கும்.

மெதுவாகப் போகும்போது மோட்டார் வண்டியை இழுக்கும். அப்போது எஞ்சின் ஓடாது. வேகம் கூடினால் எஞ்சின் ஓடும். மேடு ஏறும்போது இரண்டும் சேர்ந்து இழுக்கும். எது எப்போது ஓட வேண்டும் என்பதை வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

இந்த பேட்டரியை வீட்டு மின்சாரத்தில் சொருகி சார்ஜ் ஏற்ற வேண்டுமா? நம் நாட்டில் பரவலாக விற்கும் ஹைபிரிட் கார்களுக்கு அது தேவையில்லை. வண்டியே தன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

எப்படி? சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியது நினைவிருக்கிறதா? சக்கரம் சுற்றும். டைனமோ சுற்றும். விளக்கு எரியும். டைனமோ போட்டால் மிதிப்பது கொஞ்சம் கனமாகவும் இருக்கும்.

ஹைபிரிட் காரிலும் அதே வேலைதான். பிரேக்கை மிதித்தால் சக்கரம் மோட்டாரைச் சுற்றும். அப்போது மோட்டார் டைனமோ ஆகிவிடும். வண்டியின் வேகம் குறையும். மின்சாரம் பேட்டரியில் சேரும்.

சாதாரண காரில் பிரேக் போட்டால் என்ன ஆகிறது? பிரேக் கட்டை சூடாகிறது. அந்தச் சூடு காற்றில் போய்விடுகிறது. ஓடிய வேகமெல்லாம் வீண். ஹைபிரிட் கார் அந்த வீணில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடிக்கிறது. அதன் சிக்கனத்திற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வகைக் கார்களில் டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் உலகம் அறிந்த ஒன்று. 1997-ல் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2022-ல் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸ் ஆகியவை ஹைபிரிட் வண்டிகளாக வந்தன.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது

ஹைபிரிட் என்று எழுதிய வண்டிகள் எல்லாம் ஒன்றல்ல. இரண்டு வகை உண்டு.

ஒன்று, முழு ஹைபிரிட். இதை 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' என்று விற்கிறார்கள். மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டும்.

மற்றொன்று, 'மைல்டு ஹைபிரிட்'. இதில் மோட்டார் சிறியது. எஞ்சினுக்கு உதவி மட்டும் செய்யும். தனியாக வண்டியை ஓட்டாது. மிச்சமும் குறைவு. விலையும் குறைவு.

வண்டி வாங்கும் முன் கேளுங்கள்: "எஞ்சின் ஓடாமல், மோட்டாரில் மட்டும் இந்த வண்டி ஓடுமா?" ஓடும் என்றால் முழு ஹைபிரிட். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

நாம் இங்கே முழு ஹைபிரிட் பற்றிப் பேசுவோம்.

சொன்ன மைலேஜ் ஏன் வருவதில்லை?

கிராண்ட் விட்டாரா முழு ஹைபிரிட் வந்தபோது லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று சொன்னார்கள். அது பொய்யில்லை. சோதனைக் கூடத்தில் கிடைத்த கணக்கு அது. ஆனால் அந்தச் சோதனையின்போது ஏ.சி. போடவில்லை. நெரிசல் இல்லை. மேடு பள்ளம் இல்லை. நாம் ஓட்டுவது அப்படியா?

நம் தீவுகளில் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 23 முதல் 32 டிகிரி வரை வெப்பம் இருக்கும். "வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அதைவிட இங்கே குறைவுதானே?" என்று கேட்கலாம். ஆனால் இங்கே காற்றில் ஈரம் மிக அதிகம். சுற்றிலும் கடல் அல்லவா?

ஏ.சி. காற்றைக் குளிர வைக்கிறது. கூடவே காற்றில் உள்ள ஈரத்தையும் தண்ணீராக மாற்றி வெளியே தள்ளுகிறது. நிற்கும் காரின் அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர். பிழிவதற்கும் சக்தி வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் ஏ.சி.க்கு வேலையும் கூடும்.

அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை இதைக் கணக்குப் பார்த்திருக்கிறது. கடும் வெப்பத்தில் ஏ.சி. போட்டால் சாதாரணக் காரின் மைலேஜ் நூற்றுக்கு 25 பங்குக்கு மேலும் குறையலாம். சிறு சிறு தூரம் ஓட்டும்போது இது அதிகம். ஹைபிரிட் காரில் இந்தக் குறைவு இன்னும் கூடலாம் என்றும் அது சொல்கிறது.

ஏன்? முழு ஹைபிரிட் காரில் ஏ.சி. பேட்டரி மின்சாரத்தில் ஓடுகிறது. பிரேக் போட்டுச் சேர்த்த மின்சாரத்தை ஏ.சி. தின்றுவிடுகிறது. பேட்டரி இறங்குகிறது. உடனே எஞ்சின் ஓடிச் சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஓடினால் பெட்ரோல் செலவுதானே?

அப்படியானால் ஏ.சி.யை அணைத்துவிடலாமா? ஓர் ஓட்டுநரும் மெக்கானிக்கும் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

ஓட்டுநர்: அண்ணே, ஏ.சி. போட்டா மைலேஜ் இல்லை. போடலைன்னா சவாரி வர்றவங்க முகம் சுளிக்கிறாங்க. நான் என்னதான் செய்யறது?

மெக்கானிக்: ஏ.சி. போடு தம்பி. ஆனா அதுக்கு வேலையைக் குறைச்சுக் கொடு. வண்டியை எங்கே நிறுத்தறே?

ஓட்டுநர்: ஜெட்டி பக்கத்துல. வெட்ட வெயில்தான்.

மெக்கானிக்: அங்கேதான் தப்பு. மூடின கார் வெயில்ல நின்னா அரை மணி நேரத்துல உள்ளே எவ்வளவு சூடு ஏறும் தெரியுமா? வெளியே இருக்கறதைவிட 15 டிகிரிக்கு மேல ஏறிடும். சீட்டு, கூரை எல்லாம் கொதிக்கும். அத்தனை சூட்டையும் ஏ.சி. இறக்கணும். பத்தடி தள்ளி நிழல் இருந்தா அங்கே நிறுத்து. நிழல் இல்லையா? முன் கண்ணாடிக்கு உள்ளே ஓர் அட்டையை வை.

ஓட்டுநர்: வண்டி எடுக்கும்போது ஏ.சி.யை முழுசா வச்சிடுவேன் அண்ணே.

மெக்கானிக்: முதல்ல நாலு கதவையும் திற. சூட்டுக் காற்று போகட்டும். கண்ணாடியை இறக்கி வச்சுக் கொஞ்ச தூரம் ஓட்டு. அப்புறம் கண்ணாடியை ஏத்தி ஏ.சி.யைப் போடு. நின்ன இடத்துல போடறதைவிட, ஓடும்போது போட்டா சீக்கிரம் குளிரும்.

ஓட்டுநர்: எத்தனையில வைக்கணும்?

மெக்கானிக்: 18-ல வச்சுட்டு நடுங்க வேண்டாம். 25 போதும். உள்ளே குளிர்ந்த பிறகு, உள்காற்றே சுத்தி வர்ற பொத்தானை அமுக்கு. வெளியே இருக்கற ஈரக் காற்று உள்ளே வராது. ஏ.சி.க்குப் பாதி வேலை மிச்சம். ரொம்ப நேரம் ஓட்டினா நடுவுல கொஞ்சம் வெளிக்காற்றையும் விடு. இல்லேன்னா தூக்கம் வரும்.

ஓட்டுநர்: ஆள் இல்லாதப்போ ஏ.சி.யை அணைச்சுடவா?

மெக்கானிக்: காலை, மாலையில மெதுவா ஓட்டும்போது கண்ணாடியை இறக்கிவிட்டாப் போதும். உச்சி வெயில்ல அப்படிச் செய்யாதே. பேட்டரிக்கும் குளிர்ச்சி வேணும்.

பேட்டரிக்கும் மூச்சு வேண்டும்

மெக்கானிக் சொன்ன கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். பேட்டரிக்கும் குளிர்ச்சி வேண்டும். மனிதருக்கு இதமான வெப்பம்தான் பேட்டரிக்கும் இதம்.

பேட்டரி அதிகம் சூடானால் என்ன ஆகும்? அதைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் அதன் வேலையைக் குறைக்கும். பிரேக் போடும்போது சேரும் மின்சாரம் குறையும். மோட்டார் குறைவாக ஓடும். எஞ்சின் அதிகம் ஓடும். மைலேஜ் இறங்கும். இதே நிலை நீடித்தால் பேட்டரியின் ஆயுளும் குறையும். பேட்டரி மாற்றுவது பெரும் செலவு.

பல ஹைபிரிட் கார்களில் பேட்டரி சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ இருக்கிறது. அதைக் குளிர வைக்க ஒரு சிறு விசிறி உண்டு. அது காரின் உள்ளே இருக்கும் காற்றை இழுக்கிறது. காற்று போவதற்குச் சீட்டின் ஓரத்தில் ஒரு சல்லடைத் துவாரம் இருக்கும். அதுதான் பேட்டரியின் மூக்கு.

அந்த மூக்கை மூடக் கூடாது. சீட்டு உறை போடுபவர்கள் சில சமயம் அதையும் சேர்த்து மூடிவிடுவார்கள். பை, மூட்டை, துணி எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது. கடற்கரைக்குப் போய் வருபவர்கள் காலில் மணலோடு ஏறுவார்கள். மணலும் தூசியும் சேர்ந்து துவாரத்தை அடைக்கும். அடிக்கடி துடைத்துவிட வேண்டும். சர்வீஸுக்கு விடும்போது, "பேட்டரி விசிறியையும் அதன் வடிகட்டியையும் சுத்தம் செய்யுங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் வண்டியில் இந்தத் துவாரம் எங்கே இருக்கிறது? வண்டியோடு தரும் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. பெரிய பேட்டரியிலிருந்து போகும் ஒயர்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அவற்றில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் உண்டு. அவற்றைத் தொடக் கூடாது. நாமே கழற்றிப் பார்க்கவும் கூடாது. பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டுமே தொட வேண்டும்.

மேடும் இறக்கமும்

போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். அபர்தீன் பஜாரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம் இறக்கம் உண்டு.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு வண்டியை உருள விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. எந்த வண்டியிலும் அது ஆபத்து. ஹைபிரிட் காரில் அது நஷ்டமும்கூட. நியூட்ரலில் போட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. இறக்கம் நமக்கு இலவசமாக மின்சாரம் தரும் இடம். அதை ஏன் விட வேண்டும்? கியரிலேயே வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை மெல்ல அழுத்துங்கள்.

நேர்ச் சாலையிலும் அப்படித்தான். முன்னால் வளைவோ மாடோ தெரிந்தால் தூரத்திலேயே காலை எடுத்துவிட வேண்டும். கிட்டப் போய்ச் சட்டென்று பிரேக் போட்டால் மோட்டாரால் அத்தனை சக்தியையும் பிடிக்க முடியாது. மிச்சம் பிரேக் கட்டையில் சூடாகப் போய்விடும்.

வேகம் எவ்வளவு? எரிபொருள் சிக்கனத்துக்காக 1978 முதல் ஓர் அமைப்பு வேலை செய்கிறது. அதன் பெயர் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம். மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகம் சிக்கனமானது என்று அது சொல்கிறது. நம் சாலைகளுக்கும் அது பொருத்தமான வேகம்.

வரிசையில் நிற்கும்போது

பாரடாங் போகும் வண்டிகள் ஜிர்காட்டாங்கில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்து ஜாரவா மக்களின் காப்புக் காடு. வண்டிகள் கூட்டமாக, குறித்த நேரத்தில், காவலோடுதான் போகலாம். இதைக் 'கான்வாய்' என்கிறோம். காட்டுக்குள் நிறுத்தக் கூடாது. முந்தக் கூடாது. பிறகு மிடில் ஸ்ட்ரெயிட்டில் படகுக்காக மறுபடி காத்திருக்க வேண்டும். சாத்தம் ஜெட்டியிலும் வண்டிப் படகுக்குக் காத்திருக்கிறோம்.

கான்வாயில் மெதுவாக, ஒரே சீராகப் போவது ஹைபிரிட் காருக்கு நல்லது. ஆனால் காத்திருக்கும் நேரம்தான் பெட்ரோலைத் தின்கிறது. எஞ்சின் ஓடவில்லையே என்று ஏ.சி.யைப் போட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். சற்று நேரத்தில் பேட்டரி இறங்கும். எஞ்சின் தானே ஓடும். சார்ஜ் ஏறியதும் நிற்கும். மறுபடி ஓடும். ஒரு கி.மீ.கூட நகராமல் பெட்ரோல் குறையும். காத்திருக்க நேரம் அதிகம் என்றால் வண்டியை முழுவதும் அணைத்துவிட்டு இறங்கி நிழலில் நில்லுங்கள்.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உயிர்.

ஹைபிரிட் கார் சத்தமில்லாமல் நிற்கும். அணைந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் மீட்டரில் 'ரெடி' விளக்கு எரிந்தால் வண்டி அணையவில்லை. எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் தானே ஓடும். எஞ்சின் புகையில் நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சு வாயு உண்டு. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. மூடிய கொட்டகையில் அது சேர்ந்தால் தூங்குபவர் எழாமலே போகலாம். ஆகவே ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, மூடிய வண்டிக்குள் தூங்கக் கூடாது. வீட்டில் நிறுத்தியதும் 'ரெடி' விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

இன்னொன்று. வெயிலில் நிற்கும் காரில் குழந்தையை ஐந்து நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. உள்ளே ஏறும் சூடு குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

டயரும் சுமையும்

டயரில் காற்றுக் குறைந்தால் வண்டி இழுக்கும். பெட்ரோல் வீணாகும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கும். படித்துப் பாருங்கள். காலையில், வண்டி ஓடும் முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டினால் காற்றின் அழுத்தம் கூடித் தெரியும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

தேவையில்லாத சுமையை வண்டியில் வைத்துக்கொண்டு ஓட வேண்டாம். மேலே சாமான் கட்டும் கம்பியும் தேவை இல்லாதபோது வேண்டாம். அது காற்றைத் தடுக்கும்.

கணக்குப் போடுவோம்

மீட்டர் காட்டும் மைலேஜை மட்டும் நம்ப வேண்டாம். நாமே கணக்குப் பார்க்கலாம். ஒரு சிறு நோட்டு போதும்.

பங்க்கில் டேங்க் நிறையப் பெட்ரோல் போடுங்கள். மீட்டரில் உள்ள கி.மீ.யை எழுதுங்கள். 12,000 என்று வைத்துக்கொள்வோம்.

வழக்கம்போல ஓட்டுங்கள். மறுபடி அதே பங்க்கில் டேங்க் நிறையப் போடுங்கள். மீட்டர் இப்போது 12,450 காட்டுகிறது. போட்ட பெட்ரோல் 25 லிட்டர்.

ஓடியது 450 கி.மீ. 450-ஐ 25-ஆல் வகுத்தால் 18. லிட்டருக்கு 18 கி.மீ. இதுதான் உண்மையான மைலேஜ்.

இதனால் என்ன லாபம்? ஒருவர் மாதம் 1,800 கி.மீ. ஓட்டுகிறார். பெட்ரோல் லிட்டர் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

லிட்டருக்கு 15 கி.மீ. கிடைத்தால் 120 லிட்டர் வேண்டும். செலவு 9,600 ரூபாய்.

லிட்டருக்கு 20 கி.மீ. கிடைத்தால் 90 லிட்டர் போதும். செலவு 7,200 ரூபாய்.

மாதம் 2,400 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 28,800 ரூபாய். வண்டி ஒன்றுதான். சாலை ஒன்றுதான். மாறியது ஓட்டும் முறைதான்.

ஹைபிரிட் வாங்க நினைப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். சாதாரணக் காரைவிட இதற்கு எவ்வளவு விலை அதிகம்? மாத மிச்சத்தால் அந்தத் தொகையை அடைக்க எத்தனை மாதம் ஆகும்? கடன் வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். நிறைய ஓட்டுபவருக்குக் கணக்கு சீக்கிரம் நேராகும். வாரம் ஒருமுறை வண்டி எடுப்பவருக்கு நேராகாமலே போகலாம்.

"எங்களிடம் ஹைபிரிட் இல்லையே" என்பவர்களுக்கும் இதில் பயன் உண்டு. நிழலில் நிறுத்துவது, சூட்டுக் காற்றை வெளியேற்றுவது, டயரில் காற்றுப் பார்ப்பது, தூரத்திலேயே காலை எடுப்பது, நோட்டில் கணக்கு எழுதுவது ஆகியவை எல்லாக் காருக்கும் பொருந்தும்.

நினைவில் கொள்வோம்

1. நிழலில் நிறுத்துவோம். கதவைத் திறந்து சூட்டை வெளியேற்றிய பிறகு ஏ.சி. போடுவோம்.
2. ஏ.சி.யை 25-ல் வைப்போம்.
3. பேட்டரியின் காற்றுத் துவாரத்தை மூட மாட்டோம்.
4. மெல்லப் பிரேக் போடுவோம். இறக்கத்தில் நியூட்ரல் போட மாட்டோம்.
5. காத்திருக்கும்போது வண்டியை அணைப்போம். மூடிய வண்டியில் தூங்க மாட்டோம்.
6. மைலேஜை நோட்டில் எழுதிப் பார்ப்போம்.

யோசித்துப் பதில் சொல்லுங்கள்

1. காரின் அடியில் சொட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
2. ஹைபிரிட் காரில் பிரேக் போடும்போது பேட்டரிக்கு எப்படிச் சார்ஜ் ஏறுகிறது?
3. ஒரு வண்டி 30 லிட்டரில் 510 கி.மீ. ஓடியது. லிட்டருக்கு எத்தனை கி.மீ.?
4. 'ரெடி' விளக்கு எரிந்தால் என்ன பொருள்? உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.